சட்டம் தந்த பூட்டும் கதை தந்த சாவியும்: ஆங்கில இல்லறத் திகில் நாவலின் வரலாறு

மனைவியைக் கணவன் சிறுகச் சிறுகத் தன் பிடிக்குள் கொண்டுவருவதைக் கதைப்பொருளாகக் கொண்ட உளவியல் திகில் நாவலுக்கு, 'டொமெஸ்டிக் நோயர்', அதாவது இல்லற இருள்கதை, என்ற பெயரை ஆங்கில எழுத்தாளர் ஜூலியா கிரவுச் 2013-இல் சூட்டினார் எனினும், அந்த வகை அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்தில் வேர்விட்டிருந்தது. இத்தகைய நாவலைப் படித்து முடிக்கும் வாசகர் இன்று வழக்கமாக எழுப்பும் கேள்விகள் இரண்டு: இப்படியும் ஒரு கணவன் இருப்பானா என்பது ஒன்று; அவள் ஏன் வீட்டை விட்டு வெளியேறவில்லை என்பது மற்றொன்று. இலக்கியச் சுவை பற்றிய கேள்விகளாகத் தோன்றினாலும், இவற்றுக்கான விடை அந்தந்தக் காலத்துத் திருமணச் சட்டத்தோடு பிணைந்திருந்ததால், சட்டம் மாறும்போதெல்லாம் வாசகரின் தீர்ப்பும் மாறிவந்துள்ளது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் 'கவெர்ச்சர்' என்ற கோட்பாடு நிலவியது. திருமணமானதும் மனைவியின் சட்டபூர்வமான இருப்பு கணவனுடையதில் கரைந்துவிடுகிறது என்பதே அதன் சாரம் என்று, 1765-இல் வெளிவரத் தொடங்கிய தம் சட்ட விளக்க நூலில் வில்லியம் பிளாக்ஸ்டன் எழுதினார். அதன்படி, மனைவியின் கைப்பணமும் நகையும் உழைப்பூதியமும் கணவனுக்கே உரியவை. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ வழக்குத் தொடுக்கவோ இயலாது. கணவனைப் பிரிந்து எழுத்தால் வாழ்ந்த கரோலைன் நார்ட்டனின் போராட்டத்தின் பயனாக, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு தாய் நீதிமன்றத்தை நாட 1839-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்யும் வரை, பிள்ளைகள் மீதான உரிமையும் தந்தையிடமே இருந்தது.

இந்தச் சட்டச் சூழலில்தான் ஆக்டன் பெல் என்ற புனைபெயரில் ஆன் பிராண்டி எழுதிய 'தி டெனன்ட் ஆஃப் வைல்டுஃபெல் ஹால்' 1848-இல் வெளிவந்தது. குடிகாரக் கணவனிடமிருந்து மகனைக் காப்பாற்ற நினைக்கும் ஹெலன், ஓவியம் விற்றுப் பிழைக்கலாம் என்று திட்டமிட்டு அதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைக்க, அதைப் படித்துவிடும் கணவன் அவளுடைய ஓவியக் கருவிகளை எரித்து, சாவிகளையும் பணத்தையும் பறித்துக்கொள்கிறான். இறுதியில் அவள் தப்பிச் சென்று வேறு பெயரில் வாழ்கிறாள். ஆனால் அக்காலச் சட்டத்தின் பார்வையில் அவள் விற்கும் ஓவியத்தின் விலையும் கூட்டிச்சென்ற மகனும் கணவனுக்கே சொந்தம். நாவல் விரைவில் விற்று இரண்டாம் பதிப்புக் கண்டது என்றாலும், விமர்சகர்கள் அதை முரட்டுத்தனமானது, நாகரிகமற்றது என்று சாடினர். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் உண்மையைச் சொல்வதே தம் நோக்கம் என்று ஆன் மறுமொழி தந்தார். அவருடைய மறைவுக்குப் பின், கதைப்பொருளைத் தேர்ந்ததே பிழை என்று கருதிய அக்காள் சார்லட், 1850-இல் மறுபதிப்புக்கு இசையவில்லை. இந்த விவாதத்தில், கணவனின் நடத்தையை எழுத்தில் காட்டலாமா என்பதே சர்ச்சைக்கு உள்ளாயிற்று. கணவனுக்கு அவ்வளவு அதிகாரம் உண்டா என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

அடுத்த பத்தாண்டில் மனைவியின் சித்த சுவாதீனமே கணவனின் கைக்கருவியாயிற்று. உறவினர் ஒருவரின் ஆணையும் இரு மருத்துவர்களின் சான்றிதழும் இருந்தால் ஒருவரைத் தனியார் மனநோய் விடுதியில் அடைத்துவிடலாம் என்ற நிலையில், நாவலாசிரியரும் குடியேற்ற நாடுகளின் அமைச்சருமான எட்வர்ட் புல்வர் லிட்டன், ஹெர்ட்ஃபோர்டு தேர்தல் மேடையில் தம்மைப் பகிரங்கமாகக் கண்டித்த மனைவி ரோசினாவை 1858-இல் அவ்வாறு அடைத்தார். பத்திரிகைகளில் கண்டனம் வலுத்ததால் ஏறத்தாழ மூன்று வாரங்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில், சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் வில்கி காலின்ஸின் 'தி வுமன் இன் ஒயிட்' தொடர்கதையாகத் தொடங்கியது. அதில் சர் பெர்சிவல் கிளைட், மனைவி லாராவை ஒரு பத்திரத்தைப் படிக்கவிடாமலே கையெழுத்திடுமாறு மிரட்டுவதும், அவள் பிள்ளையின்றி இறந்தால் 20,000 பவுண்டு தனக்கு வரும் என்பதற்காக, அவளைப் போலவே தோற்றமுள்ள வேறொரு பெண்ணின் பெயரில் விடுதியில் அடைக்கத் துணைபோவதும் கதையின் முடிச்சுகளாகின்றன.

இத்தொடர்கதை வாசகரை ஆட்கொண்ட விதம் அதுவரை காணாதது. அதன் பெயரில் நறுமணத் தைலமும் மேலங்கியும் தொப்பியும் நடன இசையும் விற்பனைக்கு வந்தன. லாராவுக்குத் துணைநிற்கும் மரியன் என்ற பாத்திரத்தின் மூலப்பெண் யார் என்று கேட்டு, அவளை மணக்க விரும்பிய ஆண்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினர். நூலாக வந்தபோது, கதையின் மர்மத்தை மதிப்புரையில் வெளியிட வேண்டாம் என்று காலின்ஸ் முன்னுரையில் கேட்டுக்கொண்டார். 'டைம்ஸ்' நாளிதழின் மதிப்புரையோ கதையின் தேதிக் கணக்கு இடிப்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல, அவர் பிற்பதிப்பில் அதைத் திருத்தினார். வாசகர் ஒருபுறம் இவ்வாறு துப்பறிவாளராக மாற, மறுபுறம் 'பரபரப்பு நாவல்' என்று பெயரிடப்பட்ட இவ்வகையை, நரம்புகளைத் தூண்டிப் பிழைக்கும் சரக்கு என்று எச். எல். மேன்சல் 1863-இல் 'குவார்ட்டர்லி ரெவ்யூ' இதழில் கண்டித்தார். மூன்று பாக நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங் என்ற நிலையில், 21 ஷில்லிங் ஆண்டுச் சந்தாவுக்கு ஒரு நேரத்தில் ஒரு பாகமாக இரவல் தந்த மியூடியின் வாடகை நூலகம் இந்நாவல்களை நடுத்தரக் குடும்பங்களுக்குள் கொண்டுசேர்த்ததால், குடும்பத்தின் இருளைக் காட்டும் கதையை அந்தக் குடும்பமே கூடத்தில் அமர்ந்து படிக்கும் நிலை உருவானது. விமர்சகரின் கலக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு சட்டம் பின்வாங்கத் தொடங்கியது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியின் ஊதியத்தையும், 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அவளுடைய சொத்து முழுவதையும் அவளுக்கே உரியதாக்கின. தேவாலயத்திலிருந்து வெளிவந்த மனைவியைக் கணவன் ஆள்வைத்துத் தூக்கிச்சென்று வீட்டில் அடைத்த ஜாக்சன் வழக்கில், அவளைச் சிறைவைக்கக் கணவனுக்கு உரிமையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1891-இல் தீர்ப்பளித்தது. இதன் விளைவு புனைகதையிலும் தெரிந்தது: முன்பு சட்டத்தின் துணையுடன் வெளிப்படையாக ஆண்ட கணவன், இனி ஏமாற்றியும் மறைத்தும் ஆளவேண்டியவனானான். பேட்ரிக் ஹாமில்டனின் 'கேஸ் லைட்' நாடகம் 1938 டிசம்பரில் ரிச்மண்டில் அரங்கேறியபோது, 1880-ஆம் ஆண்டு லண்டனைக் களமாகக் கொண்ட அதன் நாயகன், பொருள்களைத் தானே ஒளித்துவைத்து, மறதியும் பித்தும் பிடித்துவிட்டதாக மனைவியையே நம்பவைத்தான். இந்த நாடகம் நியூயார்க்கில் 'ஏஞ்சல் ஸ்ட்ரீட்' என்ற பெயரில் 1,295 காட்சிகள் நடந்தது. ஒருவரைத் தன் புலன்களையே ஐயுறச் செய்யும் கொடுமைக்கு இதன் தலைப்பே பிற்காலத்தில் பெயராகவும் நிலைத்தது.

அதே 1938-இல் வெளிவந்த டாஃப்னி டு மாரியேயின் 'ரெபெக்கா'வை வாசகர் பெரும்பாலும் காதல் கதையாகவே கொண்டாடினர். பொறாமை பற்றிய ஆய்வாகவே தாம் அதை எழுதியதாக ஆசிரியர் சொல்லிவந்தும் அந்த வாசிப்பு மாறவில்லை. முதல் மனைவியைச் சுட்டுக்கொன்றதாக நாவலில் ஒப்புக்கொள்ளும் கணவன், கொலையாளி தண்டனையின்றித் தப்பக்கூடாது என்ற ஹாலிவுட் தணிக்கை விதியால், ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 1940-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவளுடைய விபத்து மரணத்தை மறைத்தவனாக மட்டும் ஆக்கப்பட்டான். அவன் மீது வாசகர் கொண்டிருந்த பரிவுக்கு அந்த மாற்றம் மேலும் இடமளித்தது.

2016-இல் வெளிவந்த பி. ஏ. பாரிஸின் 'பிஹைண்ட் குளோஸ்ட் டோர்ஸ்' இந்த மரபின் அண்மைக் காலக் கண்ணிகளுள் ஒன்று. கணவன் கைகளால் அடிபட்ட பெண்களுக்காக வாதாடிப் புகழ்பெற்ற வழக்கறிஞனே அதில் மனைவியைச் சிறைவைக்கிறான். பணத்தையும் தொலைபேசியையும் பறித்து, அவளுடைய தங்கையைப் பணயமாக்கி, மனைவிக்கு மனநலம் சரியில்லை என்று பிறரை முன்கூட்டியே நம்பவைக்கிறான். கீழே வைக்க முடியவில்லை என்று பாராட்டியவர்களுக்கும் நம்பவே முடியவில்லை என்று ஒதுக்கியவர்களுக்கும் இடையே வாசகர் பிளவுபட்டனர். ஆனால் பணம், பாசத்துக்குரியவர், மனநலம் ஆகிய மூன்று பிடிகளும் விக்டோரிய நாவல்களில் இருந்தவையே. அன்று அவற்றைச் சட்டம் தாங்கி நின்றதால் இயல்பாகத் தோன்றியவை, இன்று அந்தத் தாங்கல் இல்லாததால் மிகையாகத் தோன்றுகின்றன.

இந்நாவலுக்கு முன்பே, 2015 டிசம்பர் 29 அன்று, நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்துவதையும் வற்புறுத்துவதையும் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்திருந்தது. அதே வேளையில் பிபிசி வானொலியின் நெடுந்தொடரான 'தி ஆர்ச்சர்ஸ்', ஹெலன் என்ற பெண்ணைக் கணவன் இரண்டாண்டுக்கும் மேலாக ஒடுக்கிவந்ததைச் சித்திரிக்க, அந்தக் கற்பனைப் பாத்திரத்தின் பெயரால் நேயர்கள் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, உண்மையில் பாதிக்கப்பட்ட பெண்களுக்குப் புகலிடம் தரும் அமைப்புக்கு வழங்கினர்.

புதிய சட்டம் ஒரே அடியையோ ஒரே மிரட்டலையோ பார்ப்பதில்லை. செயல்கள் திரும்பத் திரும்ப நிகழ்ந்தனவா, அவற்றால் மனைவியின் அன்றாட வாழ்க்கை கடுமையாகப் பாதிக்கப்பட்டதா, அதைக் கணவன் அறிந்திருந்தானா அல்லது அறிந்திருக்க வேண்டியவனா என்று அது கேட்கிறது. தனியே எடுத்தால் அற்பமாகத் தெரியும் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி அவற்றின் உட்பொருளைக் காண்பது, 1848 முதல் இவ்வகை நாவல் தன் வாசகரிடம் கேட்டுவந்த உழைப்பு. ஜூரிகளிடம் சட்டம் அதைக் கேட்பதற்கு 167 ஆண்டுகள் ஆயின.