கிழக்கெல்லையில் கிடந்த பெயர்



எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் வரலாறு என்று யார் பேச எழும்பினாலும், 1626இல் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றிய நாலாயிரம் பேரில்தான் தொடங்குவார்கள். நாமும் வகுப்பில் அப்படித்தான் படிப்பிக்கிறோம். நானூறு வருடத்துக்கு முந்திய நாலாயிரம் பேரைத் தெரிந்து வைத்திருக்கும் எங்களுக்கு, நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒரே ஒருவரை, எங்கள் மூத்தவாப்பாவின் வாப்பாவைத் தெரியாது.

தெரியாது என்றும் சொல்ல முடியாது. கதை இருந்தது. "காடு வெட்டி வட்டை ஆக்கினவர், பெரிய போடியார்" என்று கல்யாண வீட்டிலும் மையத்து வீட்டிலும் கேட்டு வளர்ந்தோம். கடதாசிதான் இல்லை. கடலோரத்து வீட்டில் றங்குப்பெட்டிக்குள் இருந்த உறுதிகளை 2004 சுனாமி கொண்டு போய்விட்டது. இப்போது ராத்தாவின் மகளுக்கு வயலை எழுதப் போனால் மூல உறுதி எங்கே என்று கேட்கிறார்கள். பதிவகத்தில் பிரதி இருக்கும், ஆனால் அதை எடுக்க உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் வேண்டும். உறுதியைத் தேடுவதற்கு உறுதி வேண்டும் என்ற நிலை! அப்படித்தான் இந்தத் தேடல் தொடங்கியது.

முதலில் கிடைத்தது ஒரு கிதாபு. உறவுக்காரர் ஒருவரின் வயலோரத்து வீட்டில், அதன் முன் ஏட்டில் அறபுத்தமிழில் பிள்ளைகளின் பிறப்பு எழுதியிருந்தது. மூத்த மகள் ஹிஜ்ரி 1325, துல்ஹஜ். அவசரத்தில் 1907 என்று கொப்பியில் குறித்துவிட்டோம். துல்ஹஜ் கடைசி மாதம் அல்லவா, கணக்குப் பார்த்தால் அது 1908 ஜனவரியைத் தாண்டித்தான் முடிகிறது. அந்த ஒரு வருடப் பிழையினால் பிறப்புப் பதிவைத் தவறான ஆண்டில் தேடி இரண்டு நாள் வீணானது. ஹிஜ்ரியை மாற்றும்போது மாதத்தையும் பாருங்கள். இன்னொன்று, அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. அதற்கு முந்திய நமது கச்சேரிக் காரியமெல்லாம் மட்டக்களப்போடு.

அடுத்த பிழை குடியில். பள்ளிவாசல் குடி விபரத்தில் எங்கள் குடியின் கீழ் அவரைத் தேடினோம், இல்லை. இருக்கவும் முடியாது. எங்கள் பக்கத்தில் குடி உம்மா வழியில் வருவது. வாப்பாவின் குடி வேறு, மூத்தவாப்பாவின் குடி வேறு, அவருடைய வாப்பாவின் குடி இன்னும் வேறு. ஒரு தலைமுறை மேலே ஏறும்போதெல்லாம் ஒரு குடி மாறுகிறது. இது பள்ளிக்குப் போகாத மூத்தம்மாக்களுக்குத் தெரியும். படித்த எங்களுக்குத் தெரியவில்லை.

காணிக்கும் அதே கதைதான். "காடு வெட்டினார்" என்றால் காணி அவருக்கு என்று நினைத்திருந்தோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு பயிரில்லாத காடு முடிக்குரியது என்றே கொள்ளப்பட்டது. வெட்டியவனுக்கு வெட்டியதற்காக உரிமை வராது. அரசிடம் வாங்கியிருக்க வேண்டும். அப்படி அவர் பெயரில் ஒன்றுமில்லை.

கிடைத்தது அந்த 1908இல் பிறந்த மகளின் சீதன உறுதி. எழுதிக் கொடுத்தவர் உம்மா. "என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்து நான் ஆண்டு அனுபவித்து வருகின்ற" என்ற பொருளில் தொடங்குகிறது. அதாவது வயல் உம்மாவிடமிருந்து மகளுக்கு, அந்த மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று பெண்கள் கையாலேயே இறங்கி வந்திருக்கிறது. நாங்கள் தேடிய "பெரிய போடியார்" அந்த உறுதியில் கடைசிப் பக்கத்தில் ஒரு சாட்சி. அறபு எழுத்தில் கையொப்பம். அவ்வளவுதான்.

அதற்கு மேல் வழி தெரியாமல் இருந்தபோது உதவியது அயலூர்த் தமிழ்ப் போடியார் குடும்பம் ஒன்று. யுத்த காலத்தில் இரண்டு பக்கமும் போக்குவரத்து அற்றுப்போன பல வருடங்கள் இருந்தன. போகக் கூச்சமாகத்தான் இருந்தது. போனோம். தேநீர் தந்துவிட்டு, பழைய உறுதிகளையும் களவெட்டிக் கணக்குக் கொப்பி ஒன்றையும் கொண்டு வந்து வைத்தார்கள். கொப்பியில் எங்கள் மூத்தவாப்பாவின் வாப்பா இருந்தார், முல்லைக்காரராக. சூடு மிதித்து முடிந்ததும் அவருக்கு அளந்த நெல், கடனாகக் கொடுத்த விதைநெல், ஒரு இடத்தில் "காய்ச்சல், வரவில்லை". போடியாரின் வயலில் வேலைக்காரரை வைத்து விதைப்பித்து, காவல் காத்து, பொலி அளந்து கொடுத்த மனிதர்.

உறுதியை மச்சான்தான் வாசித்துக்கொண்டிருந்தார். விதைப்பு இத்தனை அவணம் என்று வந்தது, எல்லைகள் வந்தன. வடக்கு இன்னார் பூமி, தெற்கு காடு. கிழக்கு என்று வாசித்து நிறுத்திவிட்டார். கிழக்கெல்லை, எங்கள் மூத்தவாப்பாவின் வாப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் "வெட்டின வாய்க்கால்".

சேனநாயக்க சமுத்திரம் கட்டத் தொடங்கியது 1949இல். அதற்கு முன் இந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் என்றால் மழை, பட்டிப்பளை ஆறு, இறக்காமம் போன்ற குளங்கள். அந்த நாளில் ஒரு வாய்க்காலை இழுத்துக்கொண்டு போவதென்பது மண்வெட்டியும் ஆளும் மட்டுமல்ல. மேட்டையும் பள்ளத்தையும் கண்ணால் அளக்க வேண்டும். மேலே இருக்கும் வயற்காரனைச் சமாளிக்க வேண்டும், வட்டவிதானையின் சம்மதம் வேண்டும். காணி ஒரு துண்டும் பெயரில் இல்லாத ஒருவர் வெட்டியதை, நொத்தாரிசு எல்லையாக எழுதும் அளவுக்கு ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறது.

வீட்டில் இதைச் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோசம் என்று சொல்ல மாட்டோம். "முல்லைக்காரன் எண்டு பேஸ்புக்கில போடாதீங்க" என்றார்கள் சிலர். தொண்ணூறை நெருங்கும் மாமிக்குத்தான் கோபம் வந்தது. "நான் அவரக் கண்ட நான். போடியார் எண்டா கையில ஏன் அவ்வளவு காய்ப்பு? என்ட கன்னத்தத் தடவினா நோகும்." அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. போடியார் கதை எப்போது, யாரால் சேர்ந்தது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை பேசும் ஒரு நாளில் சேர்ந்திருக்கும் என்பது எங்கள் ஊகம்.

ராத்தாவின் மகளின் காரியம் இன்னும் முடியவில்லை. சீதன உறுதியின் இலக்கம் கிடைத்ததால் பதிவகத்தில் பிரதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேற்கு எல்லைத் துண்டுதான் குறை. கல்லோயாத் திட்டத்தின் புதிய வாய்க்கால்கள் வந்தபின் பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று நிலத்தில் காட்ட ஆளில்லை. 1957 வெள்ளத்தில் தூர்ந்தது என்கிறார் ஒருவர், அதற்கு முன்பே வரம்பாகிவிட்டது என்கிறார் இன்னொருவர்.

ஆகவே கரைவாகு, சம்மாந்துறைப் பக்கத்தில் பழைய வயல் உறுதி வைத்திருப்பவர்கள், தமிழ்க் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ, எல்லைப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். யாராவது "வெட்டின வாய்க்கால்" என்று இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நாங்களே வீட்டுக்கு வருகிறோம். உறுதியைத் தரத் தேவையில்லை. அந்த நாலு வரியைப் படம் எடுத்தால் போதும். உங்கள் வீட்டுக் கிதாபுகளின் முன் ஏட்டையும் புரட்டுங்கள், அறபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த மௌலவி ஒருவர் எங்களோடு இருக்கிறார்.