கூப்பன் காசில் ஒரு பள்ளிக்கூடம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு அருகே, இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கும் இடத்தில், 1923இல் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. 1931இல் கிரேட் வோர்ல்டும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கேலாங்கில் ஹேப்பி வோர்ல்டும் வந்தன. இவற்றின் கேபரே அரங்குகளில் பெண்களின் துணை கூப்பனுக்குக் கிடைத்தது. வாடிக்கையாளர் கூப்பன் வாங்கி, விரும்பிய பெண்ணிடம் கொடுத்து ஆடுவார். அவள் சேர்த்த கூப்பன்களில் நிர்வாகம் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். கூப்பன் குவிந்தவளுக்கு அரங்கில் மவுசு. வெளியே எல்லாருக்கும் ஒரே இளக்காரம்தான்.

அந்தக் கணக்கை வைத்துத் தன்னை எடைபோடாதவர் ஹே யன் னா என்றே சொல்லவேண்டும். ஹேப்பி வோர்ல்ட் நடனப் பெண்களை முன்னின்று நடத்திய அவர், போருக்குப் பின் படிக்க வழியின்றித் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காகச் சக பெண்களிடம் பணம் திரட்டினார். 1946இல் கேலாங் லோரோங் 14இல் ஹேப்பி பள்ளி தொடங்கியது. கல்வி இலவசம். பள்ளிக் குழுவுக்குத் தலைமை வகித்ததும் அவரே. படித்த பெரியமனிதர்கள் செய்யத் தவறிய வேலை அது. பிற்காலத்தில் மாணவர் எண்ணிக்கை குறைந்து, 1979இல் பள்ளி மூடப்பட்டது.