ஆரத்தித் தட்டிலிருந்து ஆற்றங்கரை வரை

மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், புது மணமக்கள் வாசலுக்கு வந்துவிட்டால் ஆரத்தி கரைக்க நம்ம வீட்டுப் பெரியவர்கள் மறப்பதில்லை. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு முழுக்கச் சிவந்துவிடுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையை மஞ்சள் காட்டிக்கொடுக்கிற சோதனை அது. ஐரோப்பாவில் ராபர்ட் பாயில், வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் 1664-இல் நூலாக எழுதி வைத்தார்.

நிறம் எண்ணாக மாற இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. டென்மார்க்கின் கோபன்ஹேகனில், மதுவடிப்பு ஆலை ஒன்று நிறுவிய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரென்சென் என்ற வேதியியலாளர் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஹைட்ரஜன் அயனிச் செறிவைச் சுருக்கமாகச் சொல்ல 1909-இல் அவர் கொண்டுவந்ததுதான் பி.எச். அளவு. 7 என்றால் நடுநிலை. குறைந்தால் அமிலம், கூடினால் காரம். ஒரு புள்ளி மாறினால் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை மறக்கக் கூடாது.

மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இருபுறமும் வேறுவேறு கரைசல் இருந்தால் மின்னழுத்தம் தோன்றுவதை மாக்ஸ் கிரெமர் 1906-இல் கண்டார். 1909-இல் ஃபிரிட்ஸ் ஹாபரும் கிளெமென்சிவிச்சும் அதைக் கண்ணாடி மின்முனையாக வளர்த்தார்கள். ஆனால் கண்ணாடி வழியே கசியும் மின்னோட்டமோ மிக மிக அற்பம். அதை அளக்க, கண்ணாடியை உடைந்துபோகிற அளவுக்கு மெல்லியதாக ஊத வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தது எலுமிச்சம்பழம்! கலிபோர்னியாவின் பழ விவசாயிகள் கூட்டமைப்பில் வேலை பார்த்த க்ளென் ஜோசப், பழச்சாற்றின் புளிப்பை அளக்கத் திண்டாடினார். சாற்றில் சேர்த்திருந்த கந்தக டை ஆக்ஸைடு சோதனைத் தாளின் நிறத்தையே வெளுத்துவிட்டது. நண்பர் ஆர்னால்ட் பெக்மன் 1934-இல் வெற்றிடக் குழாய் மின்பெருக்கி ஒன்றைச் செய்து கொடுத்தார். தடித்த கண்ணாடியே இனி போதும். சக ஊழியர்கள் கருவியை இரவல் வாங்கிக்கொண்டே இருந்ததால் ஜோசப் இரண்டாவது ஒன்றும் கேட்டாராம். அடுத்த ஆண்டே அது விற்பனைக்கு வந்தது. விலை 195 டாலர்.

ஆய்வகத்தில் சரி, ஆற்றில்? கண்ணாடிக் குமிழ் காய்ந்தால் கெடும். பாசியும் எண்ணெயும் அதை மூடும். ஒப்பீட்டு மின்முனையின் நுண்துளை அடைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல் தீரும். அதனால்தான் கரைசலுக்குப் பதில் களி போன்ற ஜெல், இரட்டைச் சந்திப்பு, தட்டையான கண்ணாடி, தானே துடைக்கும் தூரிகை என்று ஒவ்வொன்றாக வந்தன. 1970-இல் நெதர்லாந்தின் பீட் பெர்க்வெல்ட் கண்ணாடியே இல்லாத சிலிக்கான் உணரியை அறிவித்தார். அது கீழே விழுந்தால் சிதறாது, உலர்ந்தாலும் தாங்கும். ஆனாலும் அதற்கும் ஒப்பீட்டு மின்முனை வேண்டும். பராமரிப்பு குறைந்ததே தவிர, அடியோடு போய்விடவில்லை.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். குடிநீரின் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை (2012). அமிலம் கூடினால் குழாயின் உலோகம் தண்ணீரில் கரையும். காரம் கூடினால் குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் குறையும். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழிற்சாலைகள் கழிவுநீரை இடைவிடாமல் அளக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. கருவி வைத்தால் மட்டும் போதுமா? அழுக்கேறிய மின்முனையும் திரையில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். ஆற்றில் அமிலம் கலந்தாலும் அதற்குத் தெரியாது.

ஆகவே நம் குடியிருப்பிலோ பிள்ளைகளின் பள்ளியிலோ தண்ணீர் நல்லா இருக்குன்னு யாராவது ஒரு எண்ணைக் காட்டினால், மரியாதையாக ஒரு கேள்வி கேட்போம்: "இந்தக் கருவியைக் கடைசியா எப்போ கழுவி, தரக்கரைசலில் வைத்துச் சரிபார்த்தீங்க?" அதற்கு ஒரு தேதி பதிலாக வந்தால், அந்த எண்ணை நம்பலாம்.