ஐ.டி ஆட்களோடு மல்லுக்கட்டா? தொழில் நடத்துபவர்களுக்கு 6 வழிகள்!

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. அப்படி ஒரு தறிக்கூடத்தை அப்பாவிடமிருந்து நீங்கள் கையில் எடுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, கூலிக் கணக்குக்கு சாஃப்ட்வேர் போடுகிறீர்கள். முதல் சனிக்கிழமை சாயங்காலம், கூலி வாங்க ஆட்கள் நிற்கிறார்கள். பாதிப் பேருக்கு ஸ்கிரீன் காட்டும் தொகை... பூஜ்யம்!

'இந்த சாஃப்ட்வேர்காரனுக்கு ஒண்ணுமே தெரியலப்பா' என்று கோபம் வரும். ஆனால், நடந்தது வேறு. தீபாவளிக்குக் கொடுத்த முன்பணத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பதுதான் உங்கள் கூடத்து வழக்கம். சாஃப்ட்வேர் அதை ஒரே வாரத்தில் மொத்தமாகப் பிடித்துவிட்டது. அந்த வழக்கத்தை அவரிடம் யாருமே சொல்லவில்லை. கடைசியில் வெறுங்கையோடு நிற்பது தறி ஓட்டுபவர்தான்.

அவருக்கு கோடிங் தெரியும்; தொழில் உங்களுக்குத்தான் தெரியும். அதை அவருக்குப் புரியவைப்பது உங்கள் வேலை. எப்படி?

1. 'ஆப் வேணும்' என்று ஆரம்பிக்காதீர்கள்!

'எங்களுக்கு ஒரு ஆப் வேணும்' என்றால், அவர் ஒரு ஆப் செய்து கொடுப்பார். அது உங்களுக்குப் பயன்படுமா என்பது வேறு கதை. 'சனிக்கிழமை கூலி போட ரெண்டு பேருக்கு மூணு மணி நேரம் ஆகுது, அப்பவும் தப்பு வருது' என்று பிரச்னையைச் சொல்லிப் பாருங்கள். ஒருவேளை, ஒரு நல்ல எக்செல் ஷீட்டே போதும் என்று அவர் சொல்லக்கூடும். உங்கள் காசுதானே மிச்சம்!

2. கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க

பாவு எப்போது ஏறுகிறது, சேலையை யார் எண்ணி வாங்குகிறார், பழுதான சேலைக்குக் கூலி எப்படி, கரன்ட் போன நாளில் என்ன செய்வீர்கள்... இதெல்லாம் போனில் பேசும்போது ஞாபகம் வராது. ஒருநாள் முழுக்க அவரை உங்கள் மேஸ்திரியோடு உட்கார வையுங்கள். 'எப்பவாவது நடக்குற விஷயங்களை' குறிப்பாகச் சொல்லச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

ஐ.டி ஆள் என்றால் சென்னை, பெங்களூரில்தான் இருப்பார் என்ற காலம் போயாச்சு. தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-லேயே அலுவலகம் திறந்துவிட்டது. உலகம் முழுக்க விற்பனையாகும் அதன் 'ஸோஹோ டெஸ்க்' அங்கே உருவானதுதான். நம் மாவட்டத்துப் பிள்ளைகளே இந்த வேலையில் இருக்கிறார்கள். நேரில் வரச் சொல்லத் தயங்காதீர்கள்.

3. முடிவெடுக்க ஒரே ஆள்

காலையில் அப்பா ஒன்று சொல்வார், மதியம் கணக்குப்பிள்ளை இன்னொன்று சொல்வார், ராத்திரி நீங்கள் வாட்ஸ்அப்பில் மூன்றாவதாக ஒன்று அனுப்புவீர்கள். பாவம், அவர் எதைச் செய்வார்? வீட்டுக்குள் பேசி முடித்துவிட்டு, ஒருவர் மட்டும் சொல்லுங்கள். அதையும் எழுத்தில் கொடுங்கள்.

4. 'சின்ன மாத்தம்தானே?'

இந்த வார்த்தையைக் கேட்டாலே ஐ.டி ஆட்களுக்கு பி.பி ஏறும். பில்லில் ஒரு வரியை மாற்றினால் ஸ்டாக், ஜி.எஸ்.டி கணக்கு, ரிப்போர்ட் என நாலு இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கலாம். 'ஏன் இவ்வளவு நாள்?' என்று அதட்டுவதைவிட, 'இதை மாத்தினா வேற எதெல்லாம் மாறும்?' என்று கேளுங்கள்.

சாஃப்ட்வேர் ஒருமுறை வாங்கினால் முடிந்துவிடும் செலவும் இல்லை. இ-இன்வாய்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான் கட்டாயம். படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயம் ஆனது. சட்டம் மாறினால் சாஃப்ட்வேரும் மாறணும். பராமரிப்புச் செலவை முதல்நாளே பேசிவிடுங்கள்.

5. துண்டு துண்டாக வாங்குங்கள்

ஆறு மாதம் கழித்து மொத்தமாகப் பார்த்து, 'நான் கேட்டது இது இல்லையே' என்று அதிர்ச்சி அடைவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடிந்த பகுதியை ஓட்டிப் பாருங்கள். 2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 சாஃப்ட்வேர் நிபுணர்கள் கூடி வெளியிட்ட 'அஜைல்' அறிக்கை சொல்வதும் இதைத்தான்: வேலை செய்யும் சாஃப்ட்வேரை அடிக்கடி கொடு, தொழில் தெரிந்தவர்களோடு தினமும் சேர்ந்து வேலை செய்.

6. தேதிக்காக அவசரப்படாதீர்கள்

பிரிட்டனின் டி.எஸ்.பி வங்கி, 2018 ஏப்ரலில் வாடிக்கையாளர் கணக்குகளைப் புது சிஸ்டத்துக்கு மொத்தமாக மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். முதலில் தேதியை முடிவு செய்துவிட்டு, வேலையை அதற்குள் அடக்கப் பார்த்தது பின்னர் விசாரணை அறிக்கையில் வெளிவந்தது. 2022-ல் அந்த வங்கிக்கு விழுந்த அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கும் மேல்!

அதனால், தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரத்தில் புது சாஃப்ட்வேருக்கு மாறவே மாறாதீர்கள். நாலு வாரமாவது பழைய நோட்டும் புது சாஃப்ட்வேரும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டும் ஒரே தொகையைக் காட்டும்வரை நோட்டை மூடாதீர்கள். 'இன்னும் ரெடி இல்ல சார்' என்று அவர் சொன்னால், திட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். ஒருமுறை திட்டினால், அடுத்தமுறை உண்மையைச் சொல்ல மாட்டார்.

தப்பு வந்தால்...

'வேலை செய்யல' என்று மட்டும் மெசேஜ் போட்டால் அவருக்கு ஒன்றும் புரியாது. எதை அழுத்தினீர்கள், என்ன வரணும், என்ன வந்தது, எத்தனை மணிக்கு... இந்த நாலு விவரத்தோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். வேலை சீக்கிரம் முடியும். இணையதள முகவரியும் முக்கிய பாஸ்வேர்டும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். டேட்டாவின் பேக்கப் ஒன்று உங்கள் கையில் இருக்கணும். நாளைக்கே அவர் வேறு வேலைக்குப் போனாலும் தறி நிற்காது.

இன்னும் ஆளே பார்க்கவில்லையா? நல்லதாப்போச்சு. இந்தச் சனிக்கிழமை கூலி போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு என்ன கணக்கு, ஏன் அப்படி என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஐ.டி ஆளிடம் முதலில் கொடுக்க வேண்டியது அந்தத் தாளைத்தான். அட்வான்ஸ் அப்புறம்!