ஒத்த எழுத்து

என் நைனாவுக்கு எழுதத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்றுதான். அதுவும் தமிழ் எழுத்தல்ல. இங்கிலீஷ் பெரிய எஸ். அச்சில் வருகிற எஸ் அல்ல; கையெடுக்காமல் சுழித்து எழுதுகிற கூட்டெழுத்து எஸ். அவர் பேரின் முதலெழுத்து அது. மீதி எழுத்துகள் அவருக்கு வரவில்லை, வர வேண்டும் என்று அவர் நினைத்ததாகவும் தெரியவில்லை. ரேஷன் கார்டிலிருந்து கலெக்டர் ஆபீஸ் மனு வரைக்கும் அந்த ஒத்த எழுத்துதான் அவர் கையெழுத்து.

இதைச் சொல்ல என் தாத்தாவின் கட்டைவிரலிலிருந்து தொடங்க வேண்டும்.

செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூட இவர்களுக்குச் சொந்தமில்லை, அதனால்தான் அடிமைகளாகவே கிடக்கிறார்கள் என்பது அதன் சாரம். அடுத்த வருஷம், 1892இல், உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன்படி வந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்கப்புறமும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் விற்கலாம் என்று நிபந்தனை. மற்றவர் வாங்கினால் செல்லாது.

அந்த நிலத்தில் ரெண்டு ஏக்கர் எங்கள் குடும்பத்துக்கும் வந்தது. 1940களின் தொடக்கத்தில், ஒரு பஞ்ச காலத்தில், தாத்தா ரெண்டு மூட்டை நெல்லுக்காக ஒரு காகிதத்தில் ரேகை வைத்தார். நெல்லுக்கு என்றுதான் கர்ணம் சொன்னாராம். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அடுத்த நடவின்போது தெரிந்தது. ஏர் கட்டிக்கொண்டு போனவரை வரப்பிலேயே மடக்கினார்கள். "நெல்லுக்கு வெச்ச கை நெலத்துக்குப் பூட்சிடா" என்று தாத்தா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். செல்லாத கிரயம்தான். ஆனால் செல்லாது என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொல்வதற்கும் கர்ணத்திடம்தானே மனு எழுதி வாங்க வேண்டும்!

கைரேகை என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்காக இரக்கப்பட்டு ஏற்படுத்தின வசதி என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1858இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்கிற வெள்ளைக்கார அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்கிற காண்டிராக்டரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அதில் கோனாயின் முழு உள்ளங்கையையும் மையில் தோய்த்துப் பதிய வைத்தார். பின்னால் அது தன் கையெழுத்தல்ல என்று அவர் மறுத்துவிடாதபடி பயமுறுத்தத்தான் அப்படிச் செய்தேன் என்று ஹெர்ஷலே பின்னாளில் எழுதினார். இந்தச் சனங்களை நம்பக்கூடாது என்பதில் பிறந்ததுதான் ரேகை. 1897இல் கல்கத்தாவில் ரேகைக்கென்று ஓர் அலுவலகமே வந்தது. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டபோது, சாதி சாதியாக ஆட்களை நிற்கவைத்து ரேகை எடுத்தார்கள். அதை ரேகைச் சட்டம் என்றே சனங்கள் சொன்னார்கள்.

தாத்தாவுக்கு நடந்ததைப் பார்த்த நைனாவுக்கு அப்போது பன்னிரண்டு பதிமூன்று வயசு. இனி இந்த வீட்டில் யாரும் மையில் விரலை வைக்கக்கூடாது என்று அவருக்கு ஒரு வெறி. பகலில் ஆண்டை வீட்டு மாடு. ராத்திரியில் சேரிக் கோயில் பக்கம் ஒரு மிஷன் வாத்தியார் லாந்தர் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரும் நம்ம ஆளுதான். நைனா போய், "எனக்குக் கையெழுத்து மட்டும் போட வந்தா போதும் சார், இங்கிலீசுல" என்று கேட்டாராம். ஏன் இங்கிலீஷ் என்று நான் ஒருமுறை கேட்டேன். "தமிழ்ல போட்டா கர்ணம் பட்ச்சி சிரிப்பான். இதுன்னா அவனுக்கே கொஞ்சம் ரோசனை வரும், யார்ரா இவனுக்குப் பின்னாடி கீறான்னு" என்றார்.

வாத்தியார் முதலில் மணலைப் பரப்பினார். கீழ்க்கோட்டிலிருந்து சாய்வாக வலப்பக்கம் மேலே ஏற வேண்டும். உச்சியில் இடப்பக்கம் சுழன்று, இறங்கும்போது ஏறின கோட்டை வெட்டிக்கொண்டு வர வேண்டும். கீழே வலப்பக்கம் வயிறு தள்ளி, திரும்பவும் இடப்பக்கம் வந்து முதல் கோட்டில் முட்ட வேண்டும். நைனாவுக்கு ஏறுவது வந்தது, இறங்குவது வரவில்லை. உச்சியில் விரல் நின்றுவிடும், எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். எழுத்து ரெண்டு துண்டாகிவிடும். "கையெடுக்காதடா, கையெடுக்காதடா" என்று வாத்தியார் கத்துவாராம். இதை நைனா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்: "ஆண்டையப் பாத்தாக் கையெடு, கர்ணத்தப் பாத்தாக் கையெடுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. கையெடுக்காதேன்னு என்னப் பாத்து சொன்ன மொத ஆளு அவர்தான்." ரெண்டு மாசம் ஆச்சாம் அந்த ஒரு சுழிக்கு. மாடு மேய்க்கிற கோலால் களத்துமேடு முழுக்க எஸ் போட்டு வைத்திருப்பாராம்.

மணலில் விரலால் எழுதுகிற பாடத்துக்கு வருகிறேன். அது நம் திண்ணைப் பள்ளிகளின் முறை. 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரி, தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். காகிதச் செலவு இல்லை, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். 1797இல் லண்டனில் இதைப் புஸ்தகமாகப் போட்டார். மதராஸ் முறை என்று பேர் வாங்கி, இங்கிலாந்து ஏழைப் பிள்ளைகளெல்லாம் மணல் தட்டில் எழுத்துப் பழகினார்கள். மணல் கடல் தாண்டி லண்டனுக்குப் போய்விட்டது. ஊர்த் திண்ணைக்கு நாலு பர்லாங் தள்ளியிருந்த சேரிக்கு வந்து சேர அதற்குப் பின்னும் நூறு வருஷம் ஆனது.

1822இல் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். இந்தக் கணக்கை வைத்துத்தான் 1983இல் தரம்பால், வெள்ளைக்காரன் வருவதற்கு முன் சூத்திரர்களும் ஏராளமாகப் படித்தார்கள் என்று எழுதினார். இருக்கட்டும். அந்தக் கணக்கில் பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற சாதியார், முசல்மான் என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். பறையருக்கென்று தனிக் கட்டம் இல்லை. 'மற்ற'வில் எங்களைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பேர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு ஊரூரில் பஞ்சமர் பள்ளி தொடங்கினார். அதே பிரம்மஞான சபையின் அன்னிபெசன்ட் அம்மையார்தான் 1909இல், சேரிப் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு உட்காரவைக்கக் கூடாது, முதலில் சுத்தம் கற்றுக்கொள்ளட்டும் என்கிற பாணியில் கட்டுரை எழுதினார். பாபாசாகேப் 1945இல் அதை எடுத்துப் போட்டு அம்பலப்படுத்தியிருக்கிறார். ஆக எழுத்து வந்தபோதும் தனி மணலில்தான் வந்தது.

1962இல் நைனா உழவு மாட்டுக் கடனுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன், சின்னப் பையன். எஸ் போட்டார். குமாஸ்தா காகிதத்தைத் தூக்கிப் பார்த்து, "ஒத்த எழுத்தெல்லாம் கையெழுத்தாய்யா? ரேகை வை" என்று மைப்பெட்டியைத் தள்ளினார். நைனா வைக்கவில்லை. "எனக்குக் கையெழுத்து தெரியும் சார்" என்று ஒரே பேச்சு. வெயில் தாழ்கிற வரைக்கும் நின்றோம். கடன் கிடைக்கவில்லை. அந்த வருஷம் வட்டிக்கு வாங்கி, அதைக் கட்ட அம்மாவின் கம்மல் போனது. ஒரு ரேகை வைத்தால் என்ன என்று அம்மா ரொம்ப நாள் திட்டினாள். அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எழுதத் தெரியாதவன் போடுகிற ஒரு குறிகூடக் கையெழுத்தாகும் என்று 1897இல் வந்த ஜெனரல் கிளாசஸ் ஆக்டிலேயே இருக்கிறது. வெறும் கீறலே செல்லுமென்றால் நைனாவின் எஸ் ஏன் செல்லாது? இது எனக்குத் தெரியவந்தபோது அந்தக் குமாஸ்தா ரிட்டையராகியிருந்தார்.

1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட சனங்களைப் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அதற்கப்புறம்தான் எங்கள் சேரியிலும் பழைய காகிதங்களைத் தூசி தட்டினார்கள். கர்ணம் வேலையையே 1980இல் ஒழித்துவிட்டார்கள். அவர் எழுதின காகிதம் மட்டும் ஒழியவில்லை. 1995இல் தாத்தாவின் ரெண்டு ஏக்கருக்கு மனு எழுதினோம். நான் எழுதினேன், நைனா கையெழுத்துப் போட்டார். வயசாகிவிட்டது, கண் மங்கல். ஏறுகிற கோடு நேராக ஏறியது. உச்சியில் கை நின்றுவிட்டது. எடுத்து, மறுபடி வைத்தார். தலையாட்டிவிட்டு, "வேற பேப்பர் குடு" என்றார்.

இரண்டாவது தாளில் துண்டாகாமல் வந்தது. அதைத்தான் கொடுத்தோம். நைனா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. மனுவுக்குப் பதில் வரவில்லை. நிலத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். துண்டாகிப்போன எஸ் உள்ள முதல் தாள் என்னிடம் இருக்கிறது.