செந்தேள் கொட்டினால் அலட்சியம் வேண்டாம்: நஞ்சும் மரபணுவும் சிகிச்சையும்

நிலக்கடலைச் செடி பறிக்கும்போதும், வைக்கோல் போரில் கை விடும்போதும், அடுக்கிய விறகை எடுக்கும்போதும் தேள் கொட்டுவது உண்டு. பெரிய கருந்தேளைப் பார்த்தால் பயப்படுகிறோம். சின்னச் செந்தேளை அலட்சியம் செய்கிறோம். உண்மையில் உயிருக்கு ஆபத்தானது செந்தேள்தான். குறிப்பாக, குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

அடையாளம் காண்பது எப்படி?

கருந்தேளுக்கு உடல் பெரிது. முன்புற இடுக்கிகள் தடித்து அகன்றிருக்கும். கொட்டினால் கடுப்பு இருக்கும், உயிர்ச்சேதம் மிக அரிது. செந்தேள் சிறியது, செம்பழுப்பு நிறம், மெலிந்த இடுக்கி, தடித்த வால் கொண்டது. கருந்தேள் இரையை இடுக்கியால் நசுக்கிப் பிடிக்கிறது. செந்தேள் நஞ்சையே நம்பி வேட்டையாடுகிறது.

நஞ்சு எப்படி உருவாகிறது?

வால் நுனியில் உள்ள குமிழுக்குள் இரண்டு நஞ்சுச் சுரப்பிகள் இருக்கின்றன. அங்குள்ள மரபணுக்கள், நஞ்சில் சேரும் சிறு புரதங்களைத் தயாரிக்க வழி சொல்கின்றன. ஆதியில் இருந்த மரபணு, தலைமுறை தலைமுறையாகப் பல நகல்களாகப் பெருகி, ஒவ்வொரு நகலும் சிறிது சிறிதாக மாறியிருக்கிறது. அதனால் ஒரே தேளின் நஞ்சில் பலவகை நச்சுப் புரதங்கள் கலந்திருக்கின்றன. செந்தேளின் உறவினமான சீனத் தேளின் முழு மரபணுத் தொகுப்பு 2013இல் வெளியானது. அதில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருந்தன. மனிதருக்கு இருப்பது சுமார் 20 ஆயிரம்தான்.

நம் செந்தேளின் நஞ்சு இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. மகாராஷ்டிராவின் கொங்கண் கடற்கரைத் தேளுக்கும், தக்காண மேட்டு நிலத் தேளுக்கும் நஞ்சின் சேர்க்கை வேறுபடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, போன முறை கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்று இந்த முறை வீட்டில் இருந்துவிடக் கூடாது.

உடலில் என்ன நடக்கிறது?

செந்தேள் நஞ்சு, நரம்புகளில் சோடியம் செல்லும் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு, அட்ரினலின் போன்றவை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோக்கிறது.

மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், சுருங்கிய ரத்தக் குழாயை விரிக்கும் பிராசோசின் மாத்திரை இதற்குப் பலன் தருவதை 1986இல் வெளியிட்டார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் வரை இறந்த நிலை மாறி, ஓரிருவராகக் குறைந்தது. பிராசோசினுடன் தேள் நஞ்சு முறிவு மருந்தும் கொடுத்தால் நோயாளி சீக்கிரம் தேறுவதை 2011இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. பிராசோசின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டும்.

பாம்புக்கடி மருந்து உதவுமா?

உதவாது. சென்னை வேளச்சேரிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சைச் சேகரித்து, மருந்து தயாரிப்பவர்களுக்குக் கொடுக்கிறது. பாம்புக்கடி மருந்து இந்த நான்கு நஞ்சுகளை முறிப்பதற்கானது. தேளின் புரதங்கள் வேறு. அதற்கு மருந்தும் தனி.

கொட்டினால் செய்ய வேண்டியவை

* கொட்டுப்பட்டவரை அமைதிப்படுத்தி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வலி உள்ள இடத்தில் வையுங்கள்.
* கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது கூடாது.
* குழந்தை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* வாந்தி, அதிக வியர்வை, கை கால் சில்லிடுதல், படபடப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை அபாய அறிகுறிகள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.
* தேளைத் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

வராமல் தடுக்க

விறகு, செங்கல், வைக்கோலை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். செருப்பை உதறிவிட்டு அணியுங்கள். இரவில் டார்ச்சுடன் நடங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சை நிறத்தில் ஒளிரும். களத்தையும் கொட்டகையையும் சோதிக்க இது நல்ல வழி. பிராசோசினும் தேள் நஞ்சு முறிவு மருந்தும் அருகில் எந்த மருத்துவமனையில் உள்ளன என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.