நாலு பேர் என்ன சொல்வாங்க?



மனிதனை வளர்ப்பது சமூகக் கட்டுப்பாடா, தனிமனிதச் சுதந்திரமா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரே வார்த்தையைப் பன்னிரண்டு தடவை சொன்னாங்க. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். "நாலு பேர் என்ன சொல்வாங்க?" அந்த நாலு பேர் யாருன்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை! பொண்ணுக்கு எவ்வளவு நகை போடணும்னு சொல்றது அந்த நாலு பேர். அவ என்ன படிக்கணும்னு சொல்றதும் அந்த நாலு பேர். அவசரத்துக்குக் கடன் கேட்டுப் போய்ப் பாருங்க, நாலு பேரில் ஒருத்தரையும் காணோம்! (சிரிப்பு)

இந்த நாலு பேரைப் பற்றி ஒருத்தர் ஆராய்ச்சியே செய்திருக்கிறார், நடுவர் அவர்களே. அவர் பெயர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1806-இல் லண்டனில் பிறந்தவர். 1873-இல் மறைந்தவர்.

கட்டுப்பாட்டோடு பிள்ளையை வளர்க்கணும்னு எதிரணி சொல்கிறது. மில்லை வளர்த்த மாதிரி யாரும் வளர்த்திருக்க முடியாது. அப்பா ஜேம்ஸ் மில் பெரிய அறிஞர். மூன்று வயதில் பையனுக்குக் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட்டு? கிடையாது. நம்ம ஊரில் எல்.கே.ஜி. பிள்ளைக்கு ரேங்க் பார்க்கிற அப்பாக்கள் இருக்காங்களே, அவங்க எல்லாம் இவரிடம் பாடம் படிக்கணும்! (சிரிப்பு)

பலன் என்ன? 1826-இல், இருபது வயதில், அந்த இளைஞன் மனம் ஒடிந்து போனான். நாம் விரும்பிய சீர்திருத்தம் எல்லாம் இன்றைக்கே நடந்துவிட்டால் நமக்கு மகிழ்ச்சி வருமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். வராது என்றது மனசு. உலகத்துக்கே கணக்குப் போடத் தெரிந்த மூளைக்குத் தன் சந்தோஷம் எதுவென்று தெரியவில்லை. பிறகு வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு வந்தார். அடுத்தவர் வகுத்த பாதையிலேயே நடக்கிறவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் அது பாதி வாழ்க்கைதான் என்பதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டார்.

அந்த மில் 1859-இல் 'சுதந்திரத்தைப் பற்றி' என்ற நூலை வெளியிட்டார். அதில் அவர் காட்டும் ஆபத்து புதியது. முற்காலத்தில் மனிதன் அரசனுக்குப் பயந்தான். மக்களாட்சி வந்தால் பயம் தீரும் என்று நினைத்தோம். ஆனால் ஊர் அபிப்பிராயம் என்று ஒரு புது அரசன் வந்து உட்கார்ந்துகொண்டான். பழைய அரசனிடமிருந்து எல்லை தாண்டித் தப்பிக்கலாம். இவன் நம் வீட்டுத் திண்ணையிலேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறான்!

"அப்படியானால் அவனவன் இஷ்டத்துக்கு ஆடலாமா?" என்று எதிரணி நண்பர் கேட்டார். கூடாது. மில் தெளிவாகக் கோடு போட்டிருக்கிறார். ஒருவன் செயல் பிறருக்குத் தீங்கு செய்யும்போது தடுக்கலாம். அவன் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு தடுக்கக் கூடாது. புத்தி சொல்லலாம், கெஞ்சலாம். கையைக் கட்டக் கூடாது. தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதலாம். அதையே ஒரு வியாபாரி வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் கத்தினால் அது குற்றம். இதுவும் அவரே காட்டிய உதாரணம்தான்.

மாற்றுக் கருத்தை ஏன் பேசவிட வேண்டும்? மூன்று காரணம் சொல்கிறார். ஒன்று, அவன் சொல்வது சரியாக இருக்கலாம். இரண்டு, அவனிடம் பாதி உண்மை, நம்மிடம் பாதி உண்மை இருக்கலாம். மூன்று, அவன் முழுக்கத் தவறாகவே இருந்தாலும், அவனோடு வாதாடினால்தான் நம்முடைய உண்மை உயிரோடு இருக்கும். இல்லாவிட்டால் அது வெறும் மனப்பாடம். தன் கட்சியை மட்டும் கேட்டவனுக்குத் தன் கட்சியே சரியாகத் தெரியாது என்பது அவர் முடிவு. அந்த வகையில் எதிரணியினருக்கு நான் கடன்பட்டவன். நீங்கள் இல்லாவிட்டால் என் அணிக்கு இவ்வளவு புத்தி வந்திருக்காது! (கைதட்டல்)

சுதந்திரம் பேசியவர் சமத்துவத்தை விடவில்லை. 1851-இல் ஹாரியட் டெய்லர் என்ற அம்மையாரை மணந்தார். அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டப்படி, கல்யாணம் ஆனால் மனைவியின் சொத்து, வருமானம் எல்லாம் கணவன் கைக்குப் போய்விடும். இந்த அதிகாரம் எனக்கு வேண்டாம் என்று மில் தம் கைப்பட எழுதி வைத்தார். வரதட்சணைப் பட்டியல் எழுதுகிற மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். உரிமையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்த மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறோமா?

1865-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். மறு ஆண்டு, சுமார் 1,500 பெண்கள் கையெழுத்திட்ட வாக்குரிமை மனுவை அவையில் வைத்தார். 1867-இல் சீர்திருத்தச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். 'ஆண்' என்ற இடத்தில் 'நபர்' என்று போடுங்கள் என்றார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றார்.

ஆனால் விடவில்லை. 1869-இல் பெண்ணடிமையைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பெண்ணின் இயல்பு இதுதான் என்கிறீர்களே, அவளைச் சுதந்திரமாக வளரவிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். இயல்பாகவே அவளால் முடியாதென்றால், செய்யாதே என்று சட்டம் எதற்கு? மீன் மரம் ஏறக்கூடாது என்று யாராவது சட்டம் போடுவார்களா? (கைதட்டல்) பிரிட்டனில் 1918-இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பலருக்கு ஓட்டு வந்தது. ஆணுக்குச் சமமாக வந்தது 1928-இல்தான்.

நடுவர் அவர்களே, எதிரணி கேட்கப்போகும் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். இவ்வளவு பேசிய மில் எங்கே வேலை பார்த்தார்? கிழக்கிந்தியக் கம்பெனியில்! 1823 முதல் 1858 வரை, 35 ஆண்டுகள், லண்டன் அலுவலகத்தில். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. பின்தங்கிய சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது, அவர்களை முன்னேற்றவே என்றால் சர்வாதிகாரமும் சரிதான் என்று அதே நூலில் எழுதினார். அந்தக் கணக்கில் நம்மையும் சேர்த்தார்.

இதை மூடி மறைக்க நான் வரவில்லை. ஆனால் இது எப்படி நேர்ந்தது? பெண்ணைக் கட்டிப்போட்டுவிட்டு அது அவள் இயல்பு என்கிறாயே என்று கேட்டவர், அதே கேள்வியை இந்தியனுக்காகக் கேட்கவில்லை. அவர் மேசைக்கு வந்தவை கம்பெனி அதிகாரிகள் அனுப்பிய கடிதங்கள். அங்கே ஓர் இந்தியன் எழுந்து, "ஐயா, நீங்கள் சொல்வது தவறு" என்று வாதாட இடமில்லை. அந்த அலுவலகத்தில் எதிரணியே இல்லை, நடுவர் அவர்களே! எதிரணி இல்லாத இடத்தில் மில்லே ஆனாலும் சறுக்குவார். அவர் எழுதிய பாடத்துக்கு அவரே சாட்சி ஆகிவிட்டார். அவரைச் சுற்றியும் ஒரு 'நாலு பேர்' இருந்தார்கள்.

அவருக்குப் பதிலை நம் நாடு தந்தது. 1921-இல் நம்முடைய சென்னை மாகாணம், பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கும் தடையை நீக்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுவே முதல். சொத்து, வரி நிபந்தனைகள் அப்போதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்தன. அந்த வேலியையும் 1950-இல் நம் அரசியல் சட்டம் எடுத்தெறிந்தது. படித்தவனுக்குக் கூடுதல் ஓட்டுக் கொடுக்கலாம் என்றும் மில் எழுதியிருக்கிறார். 1951-இல் நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். ஆனாலும் கைநாட்டு வைத்த பாட்டிக்கும் ஒரு ஓட்டு, கல்லூரிப் பேராசிரியருக்கும் ஒரு ஓட்டு என்று துணிந்து கொடுத்தோம். மில் போட்ட கோட்டை நாம் அவரைவிட நேராகப் போட்டோம்!

தாய்மார்களே, இன்று ராத்திரி வீட்டில் உங்கள் பெண் "அம்மா, எனக்கு வேறு மாதிரி தோணுது" என்று சொன்னால், நாலு பேரைக் கூப்பிடாதீங்க. உட்கார வைத்து, "ஏன் அப்படித் தோணுது?" என்று கேளுங்க. அவள் சொல்வது சரியாக இருந்தால் உங்களுக்கு லாபம். தவறாக இருந்தால், அதைப் பேசியே புரிந்துகொள்கிற லாபம் அவளுக்கு. இரண்டுக்கும் முதல் படி அவளைப் பேச விடுவதுதான்.

ஆகவே மனிதனை வளர்ப்பது தனிமனிதச் சுதந்திரமே என்ற நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.